அலமாரி ஓரம் பதினெட்டு அடி

லென்ஸைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இருபத்தாறு வருடமாக அதைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் நறநறத்தால், கடற்கரையில் ஜோடிகளைப் படமெடுப்பவர். கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தால், ஆசைக்கு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த டாக்டர். முன்விளிம்பு நசுங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், கூட்டத்தில் முண்டியடித்த பத்திரிகைக்காரர். மாடியில் ஒற்றை ஜன்னல் அறை, நீலத்துணி விரித்த மேசை, பாட்டில் மூடிகளில் வரிசை வரிசையாகத் திருகாணிகள், அதற்குப் பின்னால் நான். என்னிடம் யோசனை கேட்காமல் இந்த வட்டாரத்தில் யாரும் லென்ஸ் வாங்குவதில்லை. கேட்டுவிட்டு, அதற்கு நேரெதிராகச் செய்து, என் வாயை அடைத்த ஒரே ஆள் பாஸ்போர்ட்டம்மா.

இரண்டு தெரு தள்ளி அவளுடைய அண்ணனின் ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே பதினான்கு வருடம் பாஸ்போர்ட் படம் மட்டுமே எடுத்தவள். வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு ஸ்டூல். ஊரில் பாதிப் பேரின் காது அவளுக்குத் தெரியும்; காது தெரியாவிட்டால் படம் திரும்பி வந்துவிடுமே. யாருடைய தலையையும் அவள் தொட்டுத் திருப்பியதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று காற்றில் கையை லேசாக அசைப்பாள். உட்கார்ந்திருப்பவரின் முகம் தானாகத் திரும்பும். என் முகத்தையும் அப்படித்தான் ஒருமுறை திருப்பினாள். பெண்டாட்டி பேச்சுக்கே திரும்பாத தலை அது.

ஒருநாள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகளை அடையாள அட்டைப் படத்துக்காக அங்கே அழைத்து வந்தார்கள். வேறு ஸ்டூடியோவில் அரைநாள் பிடித்த வேலை, இவளிடம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வாயைத் திறக்காமல் கையாலேயே முடித்துவிட்டாள். தலைமையாசிரியை இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் ஆள் அனுப்பினார்.

வேலை இதுதான். அந்தப் பிள்ளைகள் கையால் பேசுவதைப் படமெடுக்க வேண்டும். பெற்றோரில் பலருக்குக் கைமொழி தெரியாது. தன் பிள்ளை பள்ளியில் இவ்வளவு பேசுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. பெற்றோர் தினத்தன்று தாழ்வாரச் சுவர் நிறையப் படங்கள் மாட்ட வேண்டும். அதுவரை இரண்டு மாதம் சோதனை. சரிவந்தால் நிரந்தர வேலை.

சரிவராவிட்டால்? அவளுடைய அண்ணன் நல்லவர்தான், ஆனால் கறார்.

"போறதுன்னா போ. நான் தடுக்கலை. ஆனா கேமராவுக்குப் பின்னாடி வேற ஆளைப் போட்டுடுவேன். திரும்பி வந்து இடம் கேட்டா என்கிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் போனாள். பழைய கேமரா ஒன்று சொந்தமாக வைத்திருந்தாள். நல்ல உடம்பு, நோஞ்சான் கண் என்பேன் நான். கூட வந்த லென்ஸ் அவ்வளவு மட்டம். வெயிலில் ஒழுங்காக எடுக்கும். வகுப்பறை வெளிச்சத்தில் பேசுகிற கைகளை எடுத்தால், கை இருக்கிற இடத்தில் புகைதான் இருக்கும். ஃப்ளாஷ் போடலாமே என்றால், பள்ளியில் முதல் நாளே தடை.

"கண்ணுதான் அவங்களுக்குக் காது. பக்கத்துல போய் பளிச்சுன்னு அடிச்சா, காதுக்குள்ள கத்தின மாதிரி இருக்குமாம்" என்றாள்.

ஆகவே நல்ல ஜூம் லென்ஸ் வேண்டும். குறைந்த வெளிச்சத்திலும் வேகமாகப் பிடிக்கிற, தொழில்காரர்கள் வைத்திருக்கிற லென்ஸ். அதில் மூன்று உண்டு; பெயரெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, எண் ஏற ஏற எட்ட இருப்பது கிட்டே வரும். பதினாறு-முப்பத்தைந்து, வீடு பார்க்க வந்த பெரியப்பா மாதிரி. கூரையிலிருந்து தரை வரை ஒன்று விடாது. இருபத்துநாலு-எழுபது, கூப்பிட்ட வேலைக்கெல்லாம் வருகிற மச்சான். எழுபது-இருநூறு, எட்ட நின்றே எல்லாம் தெரிந்துகொள்கிற பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய சேமிப்புக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் வரும்.

"அண்ணே, எதை முதல்ல வாங்கறது?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இருபத்துநாலு-எழுபது. கண்ணை மூடிட்டு வாங்கு."

"கண்ணை மூடிட்டா?" என்று சிரித்தாள். "எங்கண்ணன் பதினாறு-முப்பத்தஞ்சு வாங்குன்னு சொல்றாரு. சின்ன ரூமாம்."

"உங்கண்ணன் கல்லாவை விட்டு எழுந்து எவ்வளவு நாளாச்சு? நான் சொல்றதைக் கேளு. எல்லாரும் முதல்ல வாங்கறது அதைத்தான்."

"ஒரு வாரம் கழிச்சு வர்றேன்" என்று போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் வார்த்தைக்கு ஒரு வாரம் தவணை சொன்னவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

சொன்னபடி வந்தாள். கையில் ஒரு நூல்கண்டு. வந்ததும் வராததுமாக என் மேசையிலிருந்த பாட்டில் மூடிகளை அங்கும் இங்குமாக நகர்த்த ஆரம்பித்தாள்.

"ஏய் ஏய், திருகாணியெல்லாம் கலந்துடும்மா!"

"கலக்காது. இதுதான் வகுப்பு. இந்த மூடி ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை." மூடிக்கும் மூடிக்கும் இடையே நூலை இழுத்துக் காட்டினாள். "இவன் இவகிட்ட பேசுவான், இவ டீச்சர்கிட்ட பேசுவா. பாருங்க, நூலு எங்கெல்லாம் போகுதுன்னு."

முதல் நாள் அவள் செய்த தப்பை அப்போதுதான் சொன்னாள். பேசிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று மண்டிபோட்டிருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் இடப்பக்கம் சாய்ந்தன. நல்ல கோணம் என்று இவளும் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தன, இவளும் சாய்ந்தாள். ஆசிரியை வந்து தோளைத் தட்டினார். "நீங்க நிக்கிற இடம்தான் அவங்க பேச்சு போற வழி" என்றாராம். பேசுகிறவர்களின் வாயைப் பொத்தியது போல் ஆகிவிட்டது என்று அவளுக்கு ஒரே வெட்கம்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் கேமராவைத் தொடவில்லை. நூலை எடுத்துக்கொண்டு போய், வகுப்பில் யாருடைய பேச்சையும் மறிக்காமல் எங்கே நிற்கலாம் என்று அளந்திருக்கிறாள். இரண்டே இடம். ஒன்று வாசல், அங்கே ஓயாமல் ஆள் நடமாட்டம். இன்னொன்று அலமாரி ஓரம். அங்கிருந்து கிட்டே இருக்கிற பிள்ளை பதினோரு அடி, எட்ட இருக்கிற பிள்ளை பதினெட்டு அடி.

"முகமும் வேணும், ரெண்டு கையும் வேணும். தலைக்கு மேல கை தூக்கினாலும் வெட்டுப்படக் கூடாது. நான் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. எனக்குப் பதிலா ஜூம் வளையம்தான் நடக்கணும். நிக்கிற இடம் முடிவாயிடுச்சு அண்ணே. இனிமே லென்ஸ் எதுன்னு நான் சொல்லணுமா?"

எழுபது-இருநூறு. மேசையில் கிடந்த நூலைப் பார்த்தேன். கணக்கு சரிதான். கணக்கு சரியாக இருந்தால் எனக்குக் கோபம் இன்னும் அதிகம் வரும்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்மா. ஒன்றரைக் கிலோ கனம் அது. நாளைக்கே குரூப் போட்டோ எடுங்கன்னு சொன்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு எடுப்பியா?"

"அதுக்கு முத்தத்துல வெயில் இருக்கு, பழைய லென்ஸ் இருக்கு."

"சரி, பட்டாத்தான் தெரியும்" என்றேன்.

வாங்கி, நேராக என்னிடம் கொண்டுவந்து பரிசோதிக்கக் கொடுத்தாள். ஒரு குறையாவது கிடைக்குமா என்று அரைமணி நேரம் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் அவள் அலமாரியோடு அலமாரியாக நின்றாள். தோளை அதன் பக்கவாட்டில் சாய்த்து, முழங்கையை வயிற்றில் ஊன்றி, மூச்சை நிறுத்தி. நான்கைந்து நாளில் பிள்ளைகள் அவளை மறந்துவிட்டார்கள். ஒற்றைப் படத்தில் பேச்சு அடங்காது என்று கண்டுகொண்டு, ஒரு வாக்கியத்துக்கு நான்கு, ஐந்து படம் என்று தொடராக எடுத்தாள். கொண்டுவந்து காட்டினாள். விரல் நகத்து அழுக்கு கூடத் தெரிந்தது. கையோடு சேர்ந்து புருவமும் உதடும் பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "பரவாயில்லை" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்கியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

பெற்றோர் தினத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம், ஒத்திகையாக இருக்கட்டும் என்று நாற்பது படங்களைத் தாழ்வாரப் பலகையில் குத்தி வைத்திருக்கிறாள். அதில் ஒரு வரிசை, ஜன்னலோரம் இரண்டு சிறுமிகள் பேசிக்கொண்டிருந்தது. பேசுகிறவளுக்குப் பத்து வயது, ரெட்டைப் பின்னல். ஐந்து படம். வெளிச்சமும் விரல்களும் அவ்வளவு அழகாக அமைந்ததால் நட்டநடுவில் வைத்துவிட்டாள். காலையில் பிள்ளைகள் வந்து பலகையைச் சுற்றி நின்று படித்திருக்கிறார்கள். ஆமாம், படித்திருக்கிறார்கள். அவள் படமெடுத்தது கைகளை; அவர்கள் பார்த்தது வார்த்தைகளை. யாரோ ஒரு பையன் சிரித்தான். ரெட்டைப் பின்னல் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள், மத்தியானம் வரை திறக்கவில்லை.

"தோழிகிட்ட ரகசியமா சொன்னதாம் அண்ணே. நான் அதை ஊருக்கே ஒட்டி வெச்சுட்டேன். 'நீங்க மாட்டினது படம் இல்லை, அவ பேச்சு'ன்னாங்க பெரிய டீச்சர். இந்தப் பதினைஞ்சு நாள் பார்த்துட்டு, நான் அங்க இருக்கலாமா வேண்டாமான்னு சொல்றாங்களாம்."

"அப்படி என்னதான் சொன்னா அந்தப் பொண்ணு?"

"அது அவ பேச்சு. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் நாக்குக்கு அந்தப் புத்தி கிடையாது.

"நான் அன்னைக்கே சொன்னேன். எட்ட நின்னு எடுத்தா ஒட்டுக்கேட்ட மாதிரிதான் ஆகும். கிட்ட போய் எடுத்திருந்தா, அந்தப் பொண்ணு உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியிருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. புது லென்ஸ், நான் ஆள் பார்த்து வித்துத் தர்றேன். இருபத்துநாலு-எழுபது வாங்கிக்கோ."

அவள் பையிலிருந்த லென்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையைக் கேட்டு யாரோ கை நீட்டியது போலப் பார்த்தாள்.

"லென்ஸ் ஒரு தப்பும் பண்ணலை அண்ணே. அது பார்த்ததைப் படிக்கத் தெரியாம ஒட்டினவ நான்தான்."

மறுநாள் அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அவள்மேல் மதிப்பு கூடுகிறது. கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய், முதல் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு குட்டிப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். அம்மா, தண்ணி, பசி, வா, போ என்று அவர்கள் கற்றதையெல்லாம் கற்றாள். தப்பாகக் காட்டும்போது அந்தப் பொடிசுகள் அவள் விரலைப் பிடித்துத் திருத்தின. அவள் முதலில் கேட்டுக் கற்றுக்கொண்டது மன்னிப்புக் கேட்கும் சைகையை. அதை ரெட்டைப் பின்னலிடம் போய்க் காட்டினாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோபமாக இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கே பேச்சு முடிந்தது, கூப்பிட்டாலும் கேட்காது.

தினமும் மத்தியான இடைவேளையில் அச்சிட்ட படங்களை எல்லாம் மேசையில் பரப்பினாள். அவரவர் படத்தை அவரவர் பார்த்து, சுவருக்கு என்றால் வலப்பக்கம், வீட்டுக்கு என்றால் இடப்பக்கம் வைக்கலாம். அவள் ஆசை ஆசையாக எடுத்ததில் பாதி இடப்பக்கம் போயிற்று. ஒன்றைக்கூட அவள் திரும்ப இழுக்கப் பார்க்கவில்லை. படமெடுக்கிற ஜாதியை எனக்குத் தெரியும். நல்ல படத்தை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ரெட்டைப் பின்னலின் ஐந்து படங்களும் ஒரு உறைக்குள் தனியாக இருந்தன. அந்தப் பெண் மேசைப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்தாள். உறையைத் திறந்து ஐந்தையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் வைத்தாள். அதோடு, தன் தலைக்கு மேல் கையை நீட்டி, இவ்வளவு உயரத்தில் மாட்டு என்று காட்டினாள். அது அப்பாவின் உயரமாம்.

பெற்றோர் தினத்துக்கு பாஸ்போர்ட்டம்மா என்னையும் வரச் சொன்னாள். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்குப் போனேன். நீளமான தாழ்வாரம், சுண்ணாம்புச் சுவர், ஒரு பக்கம் முழுக்கப் படங்கள். அவ்வளவு கூட்டம், சத்தமே இல்லை; ஆனால் அப்படிப்பட்ட அமளியை நான் பார்த்ததில்லை. எங்கே திரும்பினாலும் கை பறந்தது. பெற்றோர்தான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்கள்.

ரெட்டைப் பின்னலின் அப்பா, லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவர். மீசைக்காரர், ஆஜானுபாகு. எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு விரல் இடுக்கில் இருந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த ஐந்து படத்துக்கு முன் நிறுத்தினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க பாப்பாங்க!" என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். பிறகு பாஸ்போர்ட்டம்மாவைப் பார்த்து, "நீங்கதானே எடுத்தது? என்னங்க சொல்றா இதுல?" என்றார்.

அவள் குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். சொல்லட்டுமா என்று கேட்டிருப்பாள். ரெட்டைப் பின்னல் தலையாட்டினாள். பிறகு, படத்தில் இருந்ததையே அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கையால் சொன்னாள். மேலுதட்டில் மீசை போல இரண்டு விரல். அகலமாக விரிந்த இரு கை. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. பாஸ்போர்ட்டம்மா வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்கப்பா கை ரொம்பப் பெரிசு. லாரி டயரையே தூக்கும். ஆனா அந்தக் கைக்குப் பேசத் தெரியாது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. தன் கைகளை முன்னால் கொண்டுவந்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிப் பார்த்தார்.  இந்த மனுஷன் இப்போது கோபித்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பெண்ணின் ஆசையும் போச்சு, இவள் வேலையும் போச்சு என்று எனக்குப் பயம்.

அவர் ரொம்பத் தணிந்த குரலில், "கத்துக் குடுன்னு எப்படிங்க காட்டுறது?" என்று கேட்டார்.

அவள் காட்டினாள். ஒரு தடவை, மெதுவாக. அவர் செய்து பார்த்தார். கட்டை விரல் மடங்க மறுத்தது. மகள் எட்டி அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து, சரியான இடத்தில் மடக்கி வைத்துவிட்டு, முழுசாகப் பார்க்க நாலடி பின்னால் போனாள். மறுபடி காட்டினார். மகளின் முகத்தில் வந்ததை எழுத எனக்குத் தமிழ் போதாது.

திரும்பிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டம்மா பக்கத்தில் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில், சுவரோடு தோளைச் சாய்த்து நின்றாள். பதினெட்டு அடி இருக்கும். எழுபது-இருநூறு கண்ணில் இருந்தது. ஆனால் அவள் படமெடுக்கவில்லை. கேமராவிலிருந்து ஒரு கையை எடுத்து, காற்றில் லேசாக அசைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்குப் பதினான்கு வருடம் காட்டிய அதே அசைவு. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் என் இடுப்புக்கு இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, அப்பாவின் கையைப் பார்க்கத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆர்வக்கோளாறில் ஒரு அடி முன்னால் வைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் மரம் மாதிரி நின்றிருக்கிறேன்.

பதறி ஒதுங்கிச் சுவரோரம் போனேன். அங்கே தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். எதிரே சில பிள்ளைகள் பாஸ்போர்ட்டம்மாவைச் சுட்டி, ஒரு கண்ணை மூடி, மற்ற கண் முன்னால் கையைக் குவித்து ஒரு வளையத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க பேரு. நேத்துதான் பிள்ளைங்க வெச்சாங்க. வந்துட்டுப் போறவங்களுக்கு இங்க பேர் வைக்கறதில்லை. இங்கேயே இருக்கிறவங்களுக்குத்தான்" என்றார் அவர். "பிள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன தனியா முடிவு பண்றது?"

பிசுக்குப் பிடித்த என் கையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அந்த வளையத்தை நானும் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு அடிக்கு அப்பாலிருந்து அவள் அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதைப் படமெடுக்க ஆரம்பித்தாள்.